இருபத்து நான்கு பொட்டு

காலை ஆறேகாலுக்கு வேதவள்ளி அக்கா வண்டியின் முன் இடது சக்கரத்துக்கு எதிரே குந்தி உட்காருவார். வாயில் ஒரு சின்ன டார்ச் லைட். ஒவ்வொரு சக்கரத்திலும் ஆறு நட்டு. ஒவ்வொரு நட்டிலும் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு, பாதி நட்டின் மேலும் பாதி அதை ஒட்டிய இரும்பின் மேலும் இருக்கும். இரண்டு பாதியும் சேர்ந்து முழு வட்டமாகத் தெரிந்தால் நட்டு நகரவில்லை என்று பொருள். துளி தளர்ந்திருந்தாலும் பொட்டு உடைந்துவிடும். ஆறையும் பார்த்த பிறகு டயரைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து. விரலைப் பேண்டில் துடைத்துக்கொண்டு அடுத்த சக்கரம். நான்கையும் வலமாகச் சுற்றி முடித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார்.

நான் அங்கே இருந்த நான்கு வருடங்களில் ஒரே ஒருமுறை பொட்டு உடைந்திருந்தது. அன்று நட்டை முடுக்கி, பழைய பாலிஷைச் சுரண்டி, புதுப் பொட்டு வைத்து, அது காயும்வரை தன் நகத்தை ஊதுவது போல ஊதிக்கொண்டிருந்தார். வேலைக்குப் பதினைந்து நிமிடம் தாமதம்.

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் பக்குரங்காவில் அவர்கள் வீட்டு கராஜுக்குப் பின்னால் இருந்த அறையில் 2013 முதல் நான் வாடகைக்கு இருந்தேன். எல்லர்ஸ்லியில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் வேலை. அறையின் ஒரே ஜன்னல் வண்டி நிற்கும் இடத்தைப் பார்த்திருந்தது. கையில் ஒரு கவிதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, படிக்காமல், அவரைப் பார்த்துக்கொண்டிருந்த சனிக்கிழமைகள் நிறைய.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மலேசியாவில் ஈப்போக்காரர். பக்கத்துப் பகுதியான மவுண்ட் வெலிங்டனில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கணவர் ஜேசன் அண்ணன் கணக்காளர். வீட்டுச் சமையல் முழுக்க அவருடையது. காரில் பின் சீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அவருக்கு வாந்தி வந்துவிடும். நீச்சலும் தெரியாது.

வண்டி, தொண்ணூற்று நாலாம் வருடத்து டீசல். பின்னால் திறந்த தொட்டி, முன்னால் இரண்டே சீட். இந்த ஊரில் யூட் என்பார்கள். 2012இல் அக்கா அதை யாரோ ஒரு தச்சரிடமிருந்து வாங்கியிருக்கிறார். முதல் பயணத்தில் நடந்ததை ஜேசன் அண்ணன் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் கடல் சற்றுக் கூடுதலாக ஏறும்.

இருவரும் மேற்கே முரிவாய் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள், அண்ணன் கூடப் போனது அந்த ஒருமுறைதான். கருமணல். வடக்கே ஐம்பது கிலோமீட்டர் நேராக ஓடுகிறது. அனுமதிச் சீட்டு வாங்கினால் அதில் வண்டி ஓட்டலாம். ஓடை ஒன்று கடலில் சேரும் இடத்துக்கு வந்ததும் அக்காவுக்குத் திடீரென்று நினைவு வந்தது, வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கவில்லை. பழம் பையில் இருக்கிறது. வீட்டில் செய்ய மறந்தாயிற்று. அங்கேயே நிறுத்தி, இறங்கி, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு பழம் வைத்தார்.

"மணல்ல வச்சா எங்க தம்பி நசுங்கும்?" என்பார் ஜேசன் அண்ணன். "பழம் உள்ள போவுது. இவ ஆக்சிலேட்டர அமுக்கறா. சக்கரம் பழத்தத் தொரத்திக்கிட்டு அதுவும் உள்ள போவுது. கடைசில வண்டி வயிறு மணல்ல ஒக்காந்துடுச்சு. நாலு பழமும் அப்படியே முழுசா இருந்துச்சு லா. ஒண்ணுக்கும் ஒரு கீறல் இல்ல."

அலை கதவு வரைக்கும் வந்திருக்கிறது. ஓடைக்கு அந்தப் பக்கம் மாடு வளர்க்கும் கிரெய்க் என்ற பண்ணைக்காரர் டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்திருக்கிறார். இழுக்கும்போது வேடிக்கை பார்த்த யாரோ, "லேடி, இதை வித்துடு" என்றாராம். வீடு திரும்பியதும் ஜேசன் அண்ணனும் அதையே சொன்னார். அக்கா சம்மதிக்கவில்லை. மூன்று நாள் பேச்சில்லாமல் இருந்துவிட்டு ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். வண்டி இருக்கலாம். ஆனால் இன்னொரு முறை யாராவது அதைக் கட்டி இழுக்க நேர்ந்தால், அந்த வாரமே விற்றுவிட வேண்டும்.

"எதுக்கு அக்கா அவ்வளவு பிடிவாதம்?" என்று ஒருநாள் கேட்டேன். கேட்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

"அந்தப் பீச்சு எங்க முடியுதுன்னு பாக்கணும்" என்றார்.

அவர் வேலை செய்த விதம்தான் என்னை ஜன்னலில் கட்டிப்போட்டது. ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம். அதோடு மூன்று மாதம் ஓட்டுவார். பிறகுதான் அடுத்தது. இரண்டை ஒன்றாகப் போட்டால் எது என்ன செய்தது என்று தெரியாதாம்.

முதலில் செய்ததற்குச் செலவே இல்லை. மணலில் இறங்கும்முன் டயரில் பாதிக் காற்றை இறக்குவது. டயர் ஒட்டகத்தின் பாதம்போல் அகன்றுவிடும். திரும்பக் காற்றடிக்க ஒரு சின்ன பம்பு, யாரோ பழசாக விற்றது. அடுத்து, பழைய வண்டிகளை அடுக்கி வைத்திருக்கும் யார்டில், நாமே ஸ்பேனரோடு போய்க் கழற்றி எடுத்துக்கொள்ளும் இடத்தில், கயிறு மாட்டும் கொக்கிகள். மழையில் இரண்டு மணி நேரம் ஒரு துருப்பிடித்த போல்ட்டோடு அவர் மல்லுக்கட்டியதை நான் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பிறகு பாப்பாகுராவில் ஒருவர் கழற்றிப் போட்ட, பாதி தேய்ந்த முரட்டு டயர்கள். வீட்டில் அண்ணனின் பாட்டு தொடங்கியது.

"எனக்கு ஷூ வாங்கணும்னா, 'இன்னும் தேயலையே'ன்றா. அந்தத் துரைக்கு மட்டும் அஞ்சு டயர்."

"உங்களுக்கு ரெண்டு காலுதான?"

"ஸ்டெப்னி வேணாமா எனக்கு?"

ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை ஒன்றரை அங்குலம் உயர்த்தினார். இன்னும் உயர்த்தலாம்தான். ஆனால் ஓர் அளவைத் தாண்டினால் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்கு ஆகும் செலவு ஸ்பிரிங்கைவிட அதிகம். கூரை வரை போகும் காற்றுக் குழாய் ஒன்றை எல்லா யூட்டிலும் பார்க்கிறேனே என்று கேட்டதற்கு, "அது மூஞ்சிக்குப் போடற பவுடர்" என்றுவிட்டார்.

மாறாக, யார் கண்ணிலும் படாத ஒன்றைச் செய்தார். பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் போல உப்பிய இரும்புக் குண்டு இருக்கிறது. அதன் பெயர் டிஃப், உள்ளே எண்ணெயில் ஊறும் பல்சக்கரங்கள். அதன் தலையில் ஒரு சிறு துளை. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"இது மூச்சு விடுது தம்பி. ஓடும்போது சூடாயி, காத்த வெளிய தள்ளும். சூட்டோட போயி ஓடைல எறங்குனா சட்டுனு குளுந்துடும். அப்ப உள்ள இழுக்கும். தண்ணிக்குள்ள மூச்ச இழுத்தா என்னா ஆவும்?"

"தண்ணி உள்ள போயிடும்."

"நாங்க ரத்தம் எடுக்கற டியூப்பு அப்படித்தான வேல செய்யுது? உள்ள காத்து இல்ல, அதான் இழுத்துக்குது. பத்தொம்பது வருசமா கையில வச்சிருக்கேன், வண்டிக்கும் அதேதான்னு போன வாரம்தான் புரிஞ்சுது."

அந்தத் துளையில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, சட்டத்தை ஒட்டியே மேலே கொண்டுபோய், எஞ்சினுக்குப் பக்கத்தில் உயரமான இடத்தில் முடித்தார். இரும்பு மூச்சு விடுகிறது என்பதை நான் அதற்கு முன் எந்தக் கவிதையிலும் படித்ததில்லை. அன்றிரவு என் நோட்டில் அதை எழுதப் பார்த்து, அவர் சொன்னதைவிட நன்றாக வராததால் அடித்துவிட்டேன்.

பொட்டும் இப்படி வந்ததுதான். முதலில் ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம். நட்டு தளர்ந்தால் அது பிளப்பதை அக்கா கவனித்துவிட்டார். ஆனால் ஆக்லாந்து மழையில் மத்தியானம் வரைகூடத் தாங்கவில்லை. "உங்க சாமி பூரா வெயில் ஊருக்காரங்க" என்று ஜேசன் அண்ணன் சொல்லிக்கொண்டே, மருந்துக் கடையில் வாங்கிய நெயில் பாலிஷை நீட்டினார். எலுமிச்சம்பழம் ஒவ்வொரு வருடமும் நசுங்கியது. வீட்டு வாசல் சிமெண்ட் தரையில்.

கடைசி மாற்றம் பாஸ்மதி அரிசி வரும் சணல் பைகள். பிளாஸ்டிக் சாக்கு வழுக்குகிறது, சணல் பிடிக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார். கோயிலில் பிரசாத வரிசையில் நிற்பவர்களிடமெல்லாம் "காலிப் பை இருக்கா?" என்று கேட்பார். அவர் கேட்டரிங் தொடங்கப் போவதாக ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. மூன்று மூன்று பைகளாகத் தூண்டில் நரம்பால் தைத்து, புதைந்த சக்கரத்துக்கு அடியில் போடும் விரிப்பாக்கி, ஓரத்தில் கயிறு கட்டினார். கயிற்றின் மறுமுனை வண்டியின் பின்னால். சக்கரம் விரிப்பில் ஏறி வெளியே வந்துவிட்டால், அதை எடுக்க மணலில் நிற்கக் கூடாது. கெட்டித் தரை வரும்வரை விரிப்பு பின்னாலேயே இழுபட்டு வர வேண்டும்.

2017 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, "தம்பி, வரியா? வண்டிக்கு ஒரு ஆளு கனம் வேணும்" என்றார். அப்படித்தான் நான் போனேன்.

ஐம்பது கிலோமீட்டரும் ஓட்டினார். இடது கையில் கடல், வலது கையில் மணல்மேடு, நடுவில் ஈரம் மின்னும் கறுப்புப் பாதை. முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரு வண்டிகூட எதிரில் வரவில்லை. பிறகு மணல் வலப்பக்கமாக வளைந்தது, முன்னால் தரை இல்லாமல் போனது. உள்ளே கிடக்கும் பெரிய நீர்ப்பரப்பு கடலோடு சேரும் வாய் அது. இரண்டு தண்ணீரும் மோதி, நின்ற இடத்திலேயே வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. சத்தம் காதுக்குப் பதில் நெஞ்செலும்பில் கேட்டது. அக்கா இறங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். கொண்டுபோன பிளாஸ்கை இருவருமே மறந்துவிட்டோம்.

"இவ்ளோதான்" என்றார் கடைசியில். அந்தச் சொல்லை அவ்வளவு பெரியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

திரும்பும்போது, முதல் பயணத்தில் சிக்கிய அந்த ஓடைக்கு இப்பால், ஒரு வெள்ளைக் கார் மணலில் அமர்ந்திருந்தது. ஓர் இளம் தம்பதி. பின் சீட்டில் கைக்குழந்தை. அலை ஏறத் தொடங்கியிருந்தது. ஒதுங்கி, ஈரக் கெட்டி மணலில் போய்விடலாம். அக்கா இரண்டு விநாடி ஸ்டியரிங்கைப் பார்த்தார். பிறகு மெத்து மணலுக்குள் திருப்பினார்.

கயிறு மாட்டி இழுத்தார். இரண்டாம் முயற்சியில் வெள்ளைக் கார் மேலே வந்தது. வந்த வேகத்தில் எங்கள் யூட்டின் பின் சக்கரங்கள் அச்சு வரை உள்ளே போயின.

அந்த இளைஞன் ஓடி வந்து, தன் காரால் எங்களை இழுக்கிறேன் என்றான். கயிறு இன்னும் மாட்டியபடியேதான் இருந்தது. ஒரு நிமிட வேலை. அக்கா குனிந்து கொக்கியைக் கழற்றி, கயிற்றைச் சுருட்டித் தொட்டியில் போட்டார். குழந்தையோடு காரை எடுத்துக்கொண்டு மேலே போகச் சொன்னார். அவர்கள் தயங்கித் தயங்கிப் போனார்கள்.

"அக்கா, அண்ணனுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

அலை இருபதடி தள்ளி நின்றது. எங்கோ மணல்மேட்டுப் பக்கம் ஓர் எஞ்சின் சத்தம் வந்து அடங்கியதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், புல்தான் ஆடியது. அக்கா மண்டியிட்டு, சக்கரத்துக்கு முன்னால் கையாலேயே தோண்டினார். டயரில் இன்னும் காற்றை இறக்கினார். இப்போது அவசரப்பட்டவன் நான். அவர் ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தார், காலை ஆறேகாலுக்குப் பார்ப்பது போலவே. ஒரு விரிப்பு. முன்னே நகர்ந்தது ஓர் அடி. மீண்டும் தோண்டல். இரண்டாவது விரிப்பு. மூன்றாவதைப் போடும்போது நுரை அவர் முழங்காலைத் தொட்டுப் போனது. வண்டியில் ஏறி, கிளட்சை விட்டார். சக்கரம் சுழலவில்லை, நடந்தது. சணல் கடித்தது. வண்டி பெருமூச்சு விட்டாற்போல் எழுந்து, விரிப்புகளை வாலாக இழுத்துக்கொண்டு மேட்டை நோக்கிப் போனது. நான் பின்னால் ஓடினேன்.

கெட்டித் தரையில் நிறுத்தி, விரிப்புகளை ஒவ்வொன்றாக உதறி மடித்தார். பொட்டுகளைப் பார்த்தார். இருபத்து நான்கும் முழுசாக இருந்தன.

வீட்டுக்கு வரும்போது ஜேசன் அண்ணன் வாசலிலேயே நின்றார். "எப்படி இருந்துச்சு?"

"மணல் கொஞ்சம் மெத்துனு இருந்துச்சு. முடியற எடத்தப் பாத்துட்டேன்."

"கை கழுவிட்டு வாங்க. ரசம் ஆறுது" என்றார். அவர் கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்று நினைத்தேன்.

அதே வருடக் கடைசியில் நான் தலைநகர் வெலிங்டனுக்கு மாறிவிட்டேன். 2019இல் அலுவலக நண்பர்களோடு முரிவாய் போனபோது, ஓடைக்குப் பக்கத்தில் வேலி சரிசெய்துகொண்டிருந்த ஒரு வயதானவரிடம் பேச்சு வந்தது. கிரெய்க். நான் யூட்டைச் சொன்னதும் சிரித்தார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா கடற்கரைக்கு வந்த ஒவ்வொரு நாளும், ஐந்து வருடமும், காலையில் ஜேசன் அண்ணனிடமிருந்து அவருக்கு ஒரு போன் வந்திருக்கிறது. என் மனைவி இன்று வருகிறாள், டிராக்டரில் டீசல் இருக்கட்டும், ஆனால் அவள் கேட்காமல் இழுக்காதே. அந்த மார்ச் சனிக்கிழமை கிரெய்க் மணல்மேட்டுக்குப் பின்னால் டிராக்டரை அணைத்துவிட்டு, புல்லில் குப்புறப் படுத்து, காதில் போனோடு நாற்பது நிமிடம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்குரங்காவில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். முதல் விரிப்பு, இரண்டாவது, மூன்றாவது. வண்டி வெளியே வந்துவிட்டது என்று சொன்ன பிறகும் ஜேசன் அண்ணன் போனை வைக்கவில்லையாம். அவள் பைகளை மடித்து முடித்துவிட்டாளா என்று கேட்டாராம். மடித்துவிட்டாள் என்று சொன்ன பிறகுதான் வைத்தாராம்.