உள்ளங்கால் சொன்னது

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்து மீன்கழிவும் பெரிய மார்க்கெட் காய்கறிக் கழிவும் உரமாகிற கொட்டகையில் தனக்கொடிக்குப் பதினோரு வருட வேலை. குவியல் உள்ளே சூடேறினால்தான் புழுவும் களைவிதையும் சாகும். ஆறிப்போனால் அழுகி நாறும். சூட்டைப் பார்க்க மேற்பார்வையாளர் கோபிநாத் நீளத் தெர்மாமீட்டர் வைத்திருந்தான். தனக்கொடியோ மண்வெட்டியால் குழி பறித்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைப்பாள். பத்து எண்ணுவதற்குள் சுட்டால் குவியல் நலம். "மெஷினு பொய் சொல்லும், உள்ளங்கால் சொல்லாது" என்பாள். பிடிவாதத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இந்த ஆவணியில் நாற்றம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் மனுக் கொடுத்தார்கள். அடுத்த குவியலும் நாறினால் கொட்டகையைப் பூட்டிவிடுவதாக மேலதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். புருஷன் இல்லாத ஐம்பத்திரண்டு வயதுக்காரிக்கு வேறு யார் வேலை தருவார்கள்? தனக்கொடி பயந்துபோனாள்.

புதுக் குவியல் போட்ட நாலாம் நாள் குழி பறித்துக் கால் வைத்தாள். இருபது எண்ணியும் சுடவில்லை.

"ஜூஸ் கடைத் தோலக் கொட்டுனாங்களே, புளிச்சுப் போச்சு தம்பி. அதான் சூடு ஏறல" என்றாள்.

கோபிநாத் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தான். "அறுபத்தஞ்சு காட்டுதுக்கா. நல்ல சூடு."

"உன் மெஷினு கெட்டுப்போச்சு."

புளிப்புக்குச் சுண்ணாம்புதான் மருந்து. அவன் அந்தப் பக்கம் போனதும் அரை மூட்டையைத் தூவிக் கிளறினாள். கண்ணைக் கரிக்கும் ஆவி கிளம்பியது. ஆறின குவியலில் அப்படிக் கிளம்பாது என்று பதினோரு வருடம் பார்த்தவளுக்குத் தெரியாதா? தெரியும். பயம் வந்தால் தெரிந்ததும் தெரியாமல்தான் போகிறது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அந்தச் சுண்ணாம்புக் குழியிலேயே கால் வைத்து முப்பது, நாற்பது என்று எண்ணினாள்.

கோபிநாத்தான் முதலில் பார்த்தான். "அக்கா, கால்ல என்னா அது?"

உள்ளங்கால் வெந்து, தோல் ஈரச் சாக்குபோலத் தொங்கியது. அவளுக்கு வலிக்கவே இல்லை.

சர்க்கரை நோய் நரம்பைத் தின்று காலை மரத்துப்போகச் செய்துவிட்டது என்றார் டாக்டர். மாத்திரையை அவள் விட்டு இரண்டு வருடம். சீழ் ஏறிவிட்டதால் கணுக்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள்.

வார்டுக்கு வந்த கோபிநாத்திடம் அவள் கேட்ட முதல் கேள்வி: "குவியல் ஒருவழியா சூடு புடிச்சுதா தம்பி?"

"அது மொதல்லேருந்தே சூடாத்தான்க்கா இருந்துச்சு. சுண்ணாம்பு போட்டதுலதான் அந்தக் கார நெடி. தெருவே கூடிடுச்சு. நேத்து பூட்டிட்டாங்க."

கால் போன அன்றைக்கு அழாதவள், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.