நில ஆய்வு, நேரமிருந்தால்

கொள்ளிடத்தின் நடுவே ஒரு திட்டு. அதில் ஒரு பழைய கல் மடம், மடத்தைச் சுற்றி அதன் வயல்கள். அங்கே போகப் படகுதான் வழி. அந்தத் திட்டுக்கு ஒரே ஒருமுறை போய்வர எங்கள் தாலுகா அலுவலகம் ஏழு மாதம் திட்டம் போட்டது. அங்கே தற்காலிகத் தட்டச்சராக இருந்த நான்தான் அத்தனை திட்டங்களையும் அடித்தேன்.

குத்தகைக்கு உழுபவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்த சமயம். ஆட்சி மாறி, அலுவலகச் சுவரில் புதிய தலைவர்களின் படங்கள் ஏறியிருந்தன. எங்கள் தாசில்தார் மந்திரி வரும் நாட்களில் மட்டும் நெற்றி விபூதியைத் துடைத்துவிட்டு வருவார்.

ஆனி மாதம் திட்டிலிருந்து ஓர் அம்மாள் மனு கொண்டுவந்தார். கணவர் இறந்தபின் பத்து வருடமாக மடத்து நிலத்தில் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர். மடம் ரசீது கொடுத்ததில்லை. ஆகவே தாசில்தார் நேரில் பார்த்தால்தான் பெயர் ஏறும்.

"பாத்துடலாம்மா. படகு ஏற்பாடு பண்ணணும்ல" என்றார் தாசில்தார்.

ஆடியில் வெள்ளம் என்றார். ஆவணியில் காற்று என்றார். புரட்டாசியில் படகில் போக மேலிடத்து அனுமதி வேண்டும் என்று எழுதிப் போட்டார். அந்த அம்மாள் திங்கட்கிழமைதோறும் அதே ஆற்றைப் படகில் கடந்து, பஸ் பிடித்து வந்து, ஆற்றைக் கடக்க முடியவில்லை என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்புவார்.

ஒருநாள் என்னிடம் கேட்டார். "ஏம்மா, நான் வந்த படகு தொறையிலதான் கட்டிக் கெடக்கு. அதுலயே வரச் சொல்லேன்."

"அது ஆபீசர் ஏறுற படகு இல்லீங்கக்கா" என்றேன். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கார்த்திகையில் யாரோ தாசில்தாரின் மனைவியிடம் அந்த மடத்துக் கல் மண்டபத்தைப் பற்றிப் பிரமாதமாகச் சொல்லிவிட்டார்கள். அதன்பின் வேலை பறந்தது. படகுக்குக் கீற்றுப் பந்தல், ஜமக்காளம், காமிரா, பிளாஸ்கில் காபி, மதியச் சாப்பாடு என்று பட்டியல் அடித்தேன். ஒன்பதாவது வரி, 'நில ஆய்வு (நேரமிருந்தால்)'. படகை அனுப்புவதாக ஒப்புக்கொண்டவர் மடத்துக் காரியஸ்தர். மனுவில் எதிர்த்தரப்பும் அவரேதான். யாருக்கும் அது உறுத்தவில்லை.

தை மாதம் போனோம். குறிப்பெடுக்க என்னையும் அழைத்துப் போனார்கள். மண்டபத்தைப் பார்த்து, தூணுக்குத் தூண் படம் எடுத்து, இரண்டு பாயசத்தோடு சாப்பிட்டு முடித்ததும் காரியஸ்தர் வெற்றிலைத் தட்டை நீட்டினார்.

"இங்க குத்தகைக்காரங்கன்னு யாரும் இல்லீங்க. எல்லாம் மடத்துச் சொந்தப் பண்ணை. அந்தம்மா கூலிக்கு வர்றவங்க."

"எழுதிக்கம்மா" என்றார் தாசில்தார் என்னிடம். நான் பேனாவைத் திறந்தேன்.

மண்டபத்துப் படியருகே அறுப்பரிவாளோடு நின்றிருந்த அந்த அம்மாள் முன்னால் வந்தார். "ஐயா, நான் நடுற வயலு எதுன்னு இவரக் காட்டச் சொல்லுங்க. என்ன நெல்லு போட்டிருக்கு, எந்த மடையில தண்ணி வருதுன்னு சொல்லட்டும். சரியாச் சொல்லிட்டா என்னைக் கூலின்னே எழுதிக்குங்க."

காரியஸ்தர் சுற்றிலும் பார்த்தார். பிறகு கிழக்கே கையை நீட்டினார்.

"அது வாழக் கொல்லைங்க" என்றார் அந்த அம்மாள்.

தாசில்தாரின் மனைவி சிரித்துவிட்டார். மனைவி சிரித்த பிறகு தாசில்தாரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பேண்ட்டைச் சுருட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினார். அறுப்பில் இருந்த பக்கத்து வயல்காரர்கள் அத்தனை பேரும் இது அந்த அம்மாளின் சாகுபடிதான் என்றார்கள். அவர்கள் சொன்னதை வரப்பில் நின்றபடியே எழுதினேன். அந்த வேலையில் நான் ஆசைப்பட்டு எழுதிய பக்கம் அது ஒன்றுதான்.

மாசியில் அந்த அம்மாளின் பெயரை ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. பங்குனியில் தாசில்தாருக்கு மாற்றல் வந்தது. மடம் அப்பீல் போட்டது. வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. அந்த அம்மாள் நிலத்தை விடவில்லை.

அந்த மாசியில் உத்தரவு நகலை வாங்க வந்தபோது, "எங்க என் பேரு?" என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன்.

"இவ்வளவு சின்னதாவா?"

"மிஷின்ல எல்லா எழுத்தும் ஒரே அளவுதாங்கக்கா."

"தாசில்தார்னு மட்டும் பெருசா இருக்கே."

அது ரப்பர் ஸ்டாம்ப் என்றேன். அவர் தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.