வைரத்தின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி

மட்டாஞ்சேரியில் என் நெட் கஃபேக்கு இன்று ராஜி வந்தாள். நகைக்கடையில் கல் தரம் பார்ப்பவள். துபாயில் இருக்கும் அவள் தம்பி, நிச்சயதார்த்த மோதிரத்துக்காக ஒரு வைரத்தின் படமும் வீடியோவும் அனுப்பியிருந்தான். எமரால்டு கட், அதாவது நீள்சதுரமாக வெட்டிய கல். அக்கா சரி என்றால் இன்றே வாங்கிவிடுவான்.

படம் திறந்ததும் நான் முந்திக்கொண்டேன். “நடுவுல கறுப்புப் புள்ளி இருக்கே. வேண்டாம்னு சொல்லிடும்மா.”

ராஜி மவுஸை உருட்டினாள். படம் மேலே போனது. புள்ளி அங்கேயே நின்றது.

“கல்லுல ஒரு கொறையும் இல்லண்ணா. உங்க ஸ்க்ரீன்தான் அழுக்கு.”

துப்பட்டாவால் துடைத்துவிட்டு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். கல் நேராக நிற்கும் இடத்தை மட்டும் நாலு தடவை.

“இந்த வெட்டு எதையும் மறைக்காது. மோசமா வெட்டியிருந்தா, கல்லைப் பிடிச்சிருக்கற வெரல் ஜன்னல் வழியா தெரியற மாதிரி தெரியும். இதுல தெரியல.”

தம்பிக்குப் போன் போட்டாள். “வாங்கிக்கோடா. ஆனா நான் கையில வாங்கிப் பாக்காம மோதிரத்துல பதிக்காதே.”

அவள் போனதும் ஆறு மானிட்டரையும் துடைத்தேன்.

இங்கே உட்கார்ந்து மாப்பிள்ளை போட்டோ பார்த்து, கன்னத்தில் மரு என்று வேண்டாம் சொன்னவர்கள் இன்னொரு தடவை வந்து பார்க்கலாம். காசு வேண்டாம்.