சர்பத் போத்தலுக்கு எடுத்த படம்

மனிதர்களைப் படம் எடுத்தபோது நான் சொன்ன பொய்கள் எல்லாம் சின்னப் பொய்கள். சுங்கை பட்டாணியில் என் ஸ்டூடியோவுக்கு வந்த மணப்பெண்களின் அம்மைத் தழும்பை நெகட்டிவில் பென்சில் வைத்து மறைத்திருக்கிறேன். தேவாலயத்தில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய பிள்ளைகளின் கிழிந்த காலுறைக்கு முன்னால் பூந்தொட்டியை நகர்த்தி வைத்திருக்கிறேன். அதையெல்லாம் ஆண்டவர் மன்னித்திருப்பார். ஜப்பான்காரன் காலத்தில் ஒரு சர்பத் போத்தலுக்கு எடுத்த படத்தை மன்னிப்பாரா, தெரியாது.

அந்த சர்பத்தின் சொந்தக்காரன் எங்கள் ஊர்க் கடைக்காரன். சண்டைக்கு முன்னால் மளிகை விற்றவன். சீனி மறைந்ததும் பாக்கார் ஆராங் பக்கம் ஒரு கொட்டகை போட்டு, மரவள்ளி மாவைக் காய்ச்சி, சிவப்புச் சாயம் கலந்து, போத்தலில் அடைத்து, ‘ரத்தம் ஊறும்’ என்று விற்றான். ரப்பர் தோட்டத்து ஜனங்களுக்கு மரவள்ளியையே தின்று கால் வீங்கிக் கிடந்தது. அதே மரவள்ளியைச் சிவப்பாக்கி அவர்களிடமே விற்கும் துணிச்சல் சாதாரண மனிதனுக்கு வராது. வாயைத் திறந்தால் கோயில் திருப்பணி, தர்மம் என்றுதான் பேசுவான். எனக்கு அவன் நிழலே ஆகாது.

உள்ளூர்ச் சரக்குகளை மாதிரியோடும் படத்தோடும் கொண்டுவரச் சொல்லி ஜப்பான் ஆஃபீஸில் உத்தரவு போட்டிருந்தார்கள். அவன் என்னிடம் வந்தான்.

“தம்பி, நம்ம போத்தல ஒரு படம் புடிக்கணும். ஆஃபீசர் பாத்தா அப்படியே சொக்கிப் போவணும்லா.”

என்னிடம் மூன்றே மூன்று கண்ணாடித் தகடுகள் மிச்சம் இருந்தன. அவை தீர்ந்தால் கேமரா வெறும் பெட்டி. முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“ஒன் தம்பி எஸ்டேட்டுலதான இருக்கான்? சியாம்ல ரயில் ரோட்டு போட ஆள் புடிக்கிறானுங்க, போனவன் எவனும் திரும்பல, தெரியும்ல? அவன் பேர என் பட்டறை ஆளா எழுதி, ஆஃபீஸ் சாப் குத்துன சீட்டு வாங்கித் தரேன். ஒருத்தனும் கைவைக்க மாட்டான்.”

என் தம்பி பால்வெட்டுத் தொழிலாளி. அவன் மனைவிக்கு அப்போது ஐந்து மாதம். மறுநாள் போத்தலைக் கொண்டுவரச் சொன்னேன்.

ரிக்‌ஷா நிறையச் சாமான்களோடு வந்து இறங்கினான். குத்துவிளக்கு, காகிதப் பூ, மனைவியின் பட்டுச் சேலை, ஜப்பான் கொடி, மெங்குவாங் என்ற தாழை ஓலையில் பின்னிய இரண்டு கூடைகள். சர்பத்துக்கு என்ன நிச்சயதார்த்தமா? ஒரு கூடையைத் தவிர மற்றதையெல்லாம் மூலையில் தள்ளினேன். யாரோ ஒரு மலாய்க்காரப் பெண் பின்னிய கூடை அது. ஒரு ஓலைகூடப் பிசகவில்லை. அந்த அறையில் இருந்ததில் யோக்கியமான பொருள் அது ஒன்றுதான், என்னையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எங்கள் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பாக எதை வைத்தாலும் படத்தில் கறுப்பாகத்தான் விழும். மணப்பெண்ணின் உதட்டுச்சாயமே மை பூசினாற்போல் விழும். அதை அவனிடம் பொறுமையாகச் சொன்னேன்.

“என் சரக்கு மேல ஒனக்கு என்னடா பொறாமை? ஊத்துனத ஊத்துனபடி எடு.”

எடுத்தேன். கழுவிப் பார்த்தால் கூடைக்குள் சீனர்களின் கறுப்புக் கிச்சாப் சாஸ் போத்தல் ஒன்று நின்றது. தொழில் தெரியாதவன் என்று என்னைத் திட்டினான். ஒரு தகடு போனது.

எதிர்க் கடையில் கோப்பி குடித்துவிட்டு வரும்படி அவனை அனுப்பினேன். சர்பத்தைக் கொட்டிவிட்டுப் போத்தலில் தண்ணீர் நிரப்பி, சலவை நீலத்தில் கொஞ்சம் கரைத்தேன். நீலம் படத்தில் வெள்ளையாக விழும். போத்தலின் வெளியே தேங்காய் எண்ணெய் தடவி, தண்ணீர் தெளித்தேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தது போல முத்து முத்தாக நின்றது. பின்னால் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தைப் போத்தலுக்குள் திருப்பினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பத்து நிமிடம் எனக்கு ஊரில் நடந்தது எதுவும் நினைவில்லை. படம் அவ்வளவு அழகாக வந்தது.

“பாத்தியா? சரக்கு நல்லாருந்தா படமும் நல்லா விழும்” என்றான் அந்த மூடன்.

சொன்னபடி சீட்டு வந்தது. தம்பி தினமும் எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து நடந்து போய் அந்தக் கொட்டகையில் போத்தல் கழுவினான். “இனிமே பயமில்லண்ணே” என்று சீட்டை என்னிடம் காட்டிச் சிரித்தான்.

படம் ஆஃபீசருக்குப் பிடித்துவிட்டது. அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டது. சியாமில் உள்ள ரயில் ரோட்டு முகாம் அதிகாரிகளுக்கு இந்தப் பானம் வேண்டும், அங்கேயே காய்ச்ச ஆட்களை அனுப்பு என்றான். நம் தர்மவான் ஒரு மணி நேரம்கூட யோசிக்கவில்லை. ஐந்து பேரை எழுதிக் கொடுத்தான். அதில் அதே பட்டறையில் இருந்த அவன் மருமகன் பெயர் இல்லை, என் தம்பி பெயர் இருந்தது.

விடியற்காலையில் தோட்டத்துக்கு லாரி வந்தபோது சீட்டு இல்லாதவர்கள் எல்லாம் ரப்பர் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்குமேல் தப்பிவிட்டார்கள். என் தம்பி ஓடவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, இரண்டு கையாலும் சீட்டை நீட்டியிருக்கிறான். பட்டியலில் பெயரைச் சரிபார்த்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். அவன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு டவுன் வரைக்கும் நடந்து வந்து என்னிடம் இதைச் சொன்னாள்.

நான் கடைக்கு ஓடினேன்.

“ஆஃபீசர் கேட்டா நான் என்னலா செய்ய முடியும்? ஒம் படத்தப் பாத்துத்தான கேட்டான்?” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “சரி, பெருசா இன்னொரு பிரிண்ட் போட்டுக் குடு. கடையில மாட்டணும். அடுத்த தடவ ஆஃபீசரப் பாக்கறப்ப ஒன் தம்பி விஷயத்த காதுல போடறேன்.”

அவன் போடமாட்டான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவன் முகத்தில் துப்பியிருக்க வேண்டும். ஸ்டூடியோவுக்குத் திரும்பி, கையிருப்பில் இருந்த நல்ல தாளாகப் பார்த்து எடுத்து, பெரிதாகப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தம்பி திரும்பி வரவில்லை. ஜப்பான்காரன் போன பிறகும் படம் அந்தக் கடைச் சுவரிலேயே தொங்கியது. பள்ளிக்கூடம் போகும் வழியில், அன்று வயிற்றில் இருந்த தம்பி மகள் தோழிகளை அங்கே நிறுத்தி, “எங்க பெரியப்பா எடுத்தது” என்று பெருமையாகக் காட்டுவாளாம். இன்றுவரை அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை.