மாதிரி அட்டவணை

பல்கலைக்கழக வாசலில் அச்சுக்கடை வைத்திருக்கும் அவரை எல்லாரும் ‘மார்ஜின்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இடது ஓரத்தில் ஒன்றரை அங்குலம் இடம் விடாத ஆய்வேட்டைப் பார்த்துவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. அவர் பக்கங்களை ஒழுங்குபடுத்தி அச்சடிப்பார், அடுத்த கடையில் நான் அட்டை போட்டுத் தைப்பேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று இருவருமே படித்ததில்லை. அது படித்தவர்கள் பாடு என்று இருந்துவிட்டோம்.

அவரிடம் சொந்தமாக ஒரு டெம்ப்ளேட் உண்டு. தலைப்பு, பக்க எண், அட்டவணை எல்லாம் தயாராக இருக்கும். மாணவர்கள் தங்கள் எழுத்தை அதில் கொட்டினால் போதும். வெற்றுக் கட்டங்கள் அவருக்குப் பிடிக்காது. அதனால் மருத்துவ மாணவர்களுக்கான கோப்பில், உடல் எடைக்கு இத்தனை மில்லிகிராம் மருந்து என்று மனம்போன போக்கில் எட்டு வரிசை எண்களை நிரப்பி, மேலே ‘மாதிரி’ என்று போட்டு வைத்திருந்தார்.

போன வாரம் ஒரு டாக்டர் பெண்ணின் ஆய்வேட்டை அதில் ஏற்றும்போது அவர் கை நின்றுவிட்டது. பக்கங்களை வாங்கப் போன நான் பக்கத்தில்தான் இருந்தேன். நரம்புவலி மாத்திரை அட்டவணையில் எட்டு வரிசையும் அவர் இட்டுக்கட்டிய எண்கள். என்றைக்கோ யாரோ ஒரு அவசரக்குடுக்கை ‘மாதிரி’ என்ற தலைப்பை மட்டும் மாற்றிவிட்டு எண்களை அப்படியே ஒப்படைத்திருக்கிறது. அதைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து இவள்.

“இது நான் சும்மா போட்ட நம்பர்ம்மா,” என்றார்.

அவள் அசரவில்லை. ஏற்கெனவே ஐந்து ஆய்வேடுகளில் வந்துவிட்டது, எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இந்த அளவில்தான் கொடுக்கிறோம், நீங்கள் மார்ஜினை மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மார்ஜினுடைய அக்கா அந்த ஆஸ்பத்திரியில்தான் நரம்புவலிக்கு மருந்து வாங்குகிறாள். மார்ஜின் போனை எடுத்தார். அக்காவை அழைத்து, மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“அக்கா, அந்த மாத்திரைய இனிமே போடாத.”

“ஏன்டா? அதப் போட்டா கால் மரத்துப்போகுதுன்னு நான் நிறுத்துனப்ப, டாக்டருங்க கணக்கில்லாமலா குடுப்பாங்கன்னு நீதானே திட்டுன,” என்றாள் அக்கா. “அதுக்கப்புறம் நான் ஒருவேளகூட விடலையே. இன்னிக்குக் கால தரையில ஊனவே முடியல.”