தோழி இல்லாத நலங்கு

எங்கள் வீட்டில் திட்டு மட்டும் சுத்தத் தெலுங்கில்தான் நடக்கும். கடைக்குப் போனால் தமிழ், வயலுக்கு ஆள் கூப்பிட்டால் தமிழ், போனில் தமிழ், சாமி கும்பிடுவதுகூடத் தமிழில்தான். ஆனால் கோபம் வந்துவிட்டால் எனக்குத் தமிழ் ஓடாது. ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காட்டு ஊரில் பிறந்து, பெரம்பலூர் பக்கம் வாழ்க்கைப்பட்டவள் நான். இரண்டு இடத்திலும் எங்கள் ஆட்கள் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறார்கள். எங்களில் யாருக்கும் தெலுங்கு எழுத்து தெரியாது. பேசுவோம், பாடுவோம், திட்டுவோம். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வோம். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

என் மகளுக்கு இருந்தது. ஆறாம் வகுப்பில் யாரோ அவளை "ஏமண்டி, ஏமண்டி" என்று கூப்பிட்டுக் கேலி செய்திருக்கிறார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து புத்தகப் பையை வீசியவள், கூடவே தெலுங்கையும் வீசிவிட்டாள். "அன்னம் தின்ட்டிவா?" என்று நான் கேட்பேன். "சாப்ட்டேம்மா" என்பாள். கேள்வி தெலுங்கில் போகும், பதில் தமிழில் வரும். காலேஜுக்குப் போகிற வயது வரைக்கும் இதே கதைதான். யாராவது விசாரித்தால், "எனக்குத் தெலுங்கு வராது" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்வாள். எனக்கு வயிறு எரியும். திட்டித் தீர்ப்பேன். அதற்கும் தமிழில்தான் பதில் வரும்.

இப்படி இருக்கையில், அரசாங்கமே எங்கள் மொழியைத் தேடிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தது. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்களின் பாட்டுகளைப் பதிவு செய்யப்போவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு அதிகாரி அம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் பைல், முகத்தில் நல்ல சிரிப்பு. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பாட்டைப் பதிவு செய்வது இருக்கட்டும், என் மகளுக்கே தெலுங்கு தெரியாது, எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை ஒரு தெலுங்கு வகுப்பு வையுங்கள் என்று நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

"வைக்கலாங்க. ஆனா வயசானவங்க மட்டும் பாடுனா, ரெக்கார்டு பண்ணிப் பத்திரமா வச்சுக்குவோம், அவ்வளவுதான். சின்னவங்க வாயிலயும் மொழி இருக்குன்னு எங்க பதிவுக் குழு கண்ணால பாக்கணும். அப்பதான் வகுப்பு வேணும்னு மேல எழுத முடியும்" என்றார்.

பத்திரமாக வைத்துக்கொள்வார்களாம். ஜாடியில் போட்டு மூடி வைக்க நாங்கள் என்ன ஊறுகாயா? வகுப்பை வாங்காமல் விடுவதில்லை என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

பாட ஆளுக்குப் பஞ்சமில்லை. என் வீட்டுக்காரரின் அக்கா இருக்கிறார். நான் அவரை வதினெ என்று கூப்பிடுவேன். எங்கள் தெருவில் எந்தக் கல்யாணமானாலும் நலங்குப் பாட்டை அவர்தான் எடுத்துக் கொடுப்பார். அவரோடு சேர்ந்து பாட நானும் இன்னும் சில பெண்களும் இருந்தோம். சின்ன வயசுப் பெண்தான் கிடைக்கவில்லை. ஒருத்திக்குப் பரீட்சை, ஒருத்திக்குத் திருப்பூரில் வேலை, ஒருத்திக்குக் கூச்சம். கடைசியில் என் மகளிடமே கேட்டேன்.

"வீடியோ எடுக்க வரேன். பாடச் சொல்லக் கூடாது" என்றாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்பதைத் தெலுங்கில், இன்னும் காரமாகக் கேட்டேன். அவள் போனை சார்ஜில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பதிவு நடக்கிற அரியலூர் மண்டபத்துக்கு பஸ்ஸில் போனோம். வீடியோ எடுக்க மகளும் வந்தாள். வழியெல்லாம் சிமெண்ட் லாரி. நலங்கு மாவையும் மணைப்பலகையையும் வதினெ மடியை விட்டு இறக்கவே இல்லை. மண்டபத்தில் குழுவினர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எங்கள் தெருவுக்கு வந்த அதே அதிகாரி அம்மா. ஓரத்தில் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர், பேனாவும் கையுமாக. மைக் வைத்தாயிற்று. "ஆரம்பிங்க" என்றார்கள்.

வதினெ மணையைப் போட்டார். மாவைக் குழைத்தார். "பொண்ணு யாரு?" என்று கேட்டார்.

"பொண்ணு எதுக்குங்க? சும்மா பாடுங்க, போதும்" என்றார் அதிகாரி அம்மா.

"சும்மா பாடுனா யாரைங்க கேலி பண்றது? வெறும் மணைக்கு நலங்கு வைக்கிற பழக்கம் எங்ககிட்ட இல்லீங்க."

எங்கள் நலங்குப் பாட்டு அப்படித்தான். பாடுகிறவர்கள் கேள்வி கேட்டுக் கேலி செய்வார்கள். மணையில் இருப்பவள் தரப்பிலிருந்து பதில் பாட்டு வரவேண்டும். அதிகாரி அம்மா சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். "சரி, நானே உக்கார்றேன்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு மணையில் உட்கார்ந்தார். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் காலில் மஞ்சள் மாவைத் தடவி, முதல் கேள்வியைப் பாடினோம். மாமியார் வீட்டு அடுப்பில் முதலில் என்ன வைப்பாய் என்று கேட்கிற பாட்டு அது.

பாடிவிட்டுப் பதில் பாட்டுக்காக ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தோம்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கல்யாணப் பெண் வாயைத் திறந்து பதில் சொல்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. பக்கத்தில் உட்காரும் தோழிதான் அவளுக்காகப் பதில் பாடுவாள். பெரிய அதிகாரி மணையில் உட்கார்ந்த சந்தோஷத்தில் தோழியைச் சுத்தமாக மறந்துவிட்டோம். கேட்கிற நாங்களே பதிலும் பாட முடியாது. காலில் மாவு பட்டுக் கேள்வியும் எழும்பிவிட்டால், பாட்டு முடியாமல் மணையை விட்டு எழவும் கூடாது. எழுந்தால் அந்தப் பெண்ணுக்கு ஆகாது என்பார்கள்.

அதிகாரி அம்மா எழுந்திருக்கப் பார்த்தார். "லேவத்து!" என்று அதட்டினார் வதினெ. எழுந்திருக்காதே என்று அர்த்தம். தெலுங்கு தெரியாவிட்டாலும் அந்த அம்மாவுக்கு அது நன்றாகவே புரிந்தது. மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

வதினெ கேள்வியைத் திரும்பப் பாடினார். வாசலில் அடுத்த குழுவினர் தவிலோடு நின்றுகொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் பேனாவை மூடிக்கொண்டே, "எளவட்டம் யாரும் வரலீங்களா?" என்றார். வகுப்பு போச்சு, இனி ஜாடிதான் என்று நினைத்தேன். வதினெ விடாமல் மூன்றாவது தடவை பாடினார்.

பின்னாலிருந்து ஒரு குரல் பதில் பாடியது. மாமியாருக்கு வெந்நீர் வைப்பாளாம், தனக்குப் பாயசம் வைப்பாளாம். திரும்பிப் பார்த்தால் என் மகள். கையிலிருந்த போனை என்னிடம் திணித்துவிட்டுப் போய், அதிகாரி அம்மா பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த கேள்வி, புருஷன் கோபித்துக்கொண்டால் என்ன செய்வாய் என்பது. கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவேன், பசித்தால் அவனே வந்து தட்டுவான் என்று இழுத்துப் பாடினாள். எங்கேயும் தட்டவில்லை, தடுமாறவில்லை. எனக்குக்கூட இரண்டு வரி மறந்திருந்தது, அவளுக்கு மறக்கவில்லை. கல்யாண வீடுகளில் மூலையில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்த பிள்ளை இது!

கடைசிக் கேள்விக்கு வந்தோம். பிறந்த வீட்டில் எதை விட்டுப் போகிறாய், எதைக் கொண்டு போகிறாய்? இதற்குப் பதில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பொம்மையை விட்டுப் போகிறேன், மஞ்சளும் குங்குமமும் கொண்டு போகிறேன். அவளும் பொம்மையை விட்டாள். பிறகு என்னைப் பார்த்துப் பாடினாள்.

"அம்ம திட்லு!"

அம்மாவின் திட்டுகளைக் கொண்டு போகிறாளாம். அதோடு விட்டாளா? விடியற்காலை எழுப்ப நான் திட்டுவது, தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் திட்டுவது, கொழுக்கட்டைத் திட்டு என்று ஒவ்வொன்றாக ராகம் போட்டு எடுத்துவிட்டாள். வதினெ தாளத்தை விட்டுவிட்டுச் சிரித்தார். மொழி தெரியாதவர்களும் சிரித்தார்கள். நான்தான் போனைப் பிடித்திருந்தேன். பிறகு போட்டுப் பார்த்தால், அந்த வீடியோவில் பாதிக்கு மேல் என் முந்தானைதான் தெரிகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டே எப்படி எடுப்பது?

அதிகாரி அம்மா மஞ்சள் காலோடு எழுந்தார். "தெலுங்கே தெரியாதுன்னு உங்கம்மா சொன்னாங்களே, பாப்பா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன், மேடம். திட்டித் திட்டியே உள்ள எறக்கி வச்சிருக்காங்க" என்றாள் என் மகள்.

கண்ணாடிக்காரர் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தார்.

வகுப்புக்கு அனுமதி வந்தது. வராமல் எங்கே போகும்? எழுத்து சொல்லிக் கொடுக்க ஒரு வாத்தியார் வருகிறார். பேச்சும் பாட்டும் என் மகள் பொறுப்பு. பள்ளிக்கூடம் எங்கள் வீட்டுக்கு எதிரே. சனிக்கிழமை நான் தையல் மெஷினில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியாக எல்லாம் கேட்கும். வீட்டில் அவள் இன்னமும் "சாப்ட்டேம்மா"தான். அதற்காக நான் திட்டுவதும் நிற்கவில்லை.

போன வாரம் ஜாக்கெட் வாங்க வந்த பெண் ஒருத்தி என் வாசலில் நின்றிருந்தாள். எதிரே பிள்ளைகள் ஏதோ சேட்டை செய்திருக்க வேண்டும். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று தெலுங்கில் ஒரு அதட்டல் கேட்டது. அதே காரம், அதே இழுப்பு. பிள்ளைகள் அத்தனை பேரும் அதை அப்படியே ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள்.

"என்னாக்கா இது, இப்படியெல்லாமா சொல்லிக் குடுக்குறாங்க? யாருது இந்தப் பாடம்?" என்றாள் அவள்.

"என்னோடதுதான்" என்றேன்.