ஆறு டப்பாவும் மூடி வைத்த ஒரு தட்டும்

காலை பதினோரு மணிக்கு என் போனில் அலாரம் அடித்தால், நான் சாப்பிடப் போகிறேன் என்று எங்கள் சேக்காட்டுத் தெருவில் நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும். மாடிப்படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பேன். இரண்டு அவித்த முட்டை, ஒரு துண்டு சர்க்கரைவள்ளிக்கிழங்கு. அன்றைக்கு அது மூன்றாவது டப்பா. ஒருநாள் எதிர்வீட்டு அக்கா துணி உலர்த்திக்கொண்டே கேட்டார்: "இன்னாமா, மாசமா கீறியா?" இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்து, "அப்ப சுகரா?" என்றார். தசை ஏறவும் கொழுப்பு இறங்கவும் மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் சாப்பிடுகிறேன் என்று விளக்கினேன். ஏத்தறியா எறக்கறியா, ரெண்டுல ஒண்ணு சொல்லு என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இந்த ஊரில் மனுஷர்கள் சொல்வதையெல்லாம் நான் சேர்த்து வைக்கிறேன். இதையும் வைத்துக்கொண்டேன்.

மலேசியாவில், நம் கிள்ளானில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு ஆறுவேளை என்பது பெரிய விஷயமே இல்லை. காலையில் ரொட்டி சானாய், பத்து மணிக்கு ஏதாவது, மதியம் சோறு, ஐந்து மணிக்கு அம்மா போடும் தேநீரும் குவேப் பலகாரமும், ராத்திரிச் சோறு, அது போதாமல் விடிய விடியத் திறந்திருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடை. யாரும் எண்ணியதில்லை. அங்கே வேலைக்கு வந்தவரைக் கட்டிக்கொண்டு நான் ஆவடிக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. உடம்பு பெருத்துவிட்டது என்று பெண்கள் ஜிம்மில் சேர்ந்தேன். அங்கே பயிற்சி கொடுக்கும் பெண்தான் ஆறு டப்பா சொன்னாள். எல்லோரிடமும் நான் சொல்லும் காரணம் இது. உங்களிடம் உண்மையைச் சொல்கிறேனே, நான் டப்பா தூக்கியது செல்வியின் கையைப் பார்த்துத்தான்.

செல்வி என் கொழுந்தன் மனைவி. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புச் சாமான் செய்யும் கம்பெனியில் முதல் ஷிப்ட். விடிவதற்கு முன்னே வேன் ஏறினால் திரும்பி வரும்போது மணி மூன்று. நடுவில் ஒரு டீ, ஒரு பன். வந்து ஒரு சாப்பாடு, ராத்திரி ஒரு சாப்பாடு, அவ்வளவுதான். ஆனால் தண்ணீர் கேனைத் தூக்கும்போது அவள் கையைப் பார்க்க வேண்டுமே, முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். நான் கோழியை உப்பில்லாமல் அவித்து, தராசில் நிறுத்து, எட்டு மாதமாக மணியடித்துச் சாப்பிடுகிறேன். நாலு கிலோ குறைந்தது, அது உண்மை. அந்தக் கயிறு மட்டும் வரவில்லை.

கையையாவது விட்டுவிடலாம், இன்னொன்று இருக்கிறது. தினமும் இரண்டரை மணிக்கு அத்தை ஒரு தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, இன்னொரு தட்டால் மூடி அடுப்பு மேடையில் வைப்பார். அது செல்விக்கு. வந்த புதிதில் எனக்கும் ஒரு தட்டு மூடியிருந்ததுண்டு. டப்பாக்கள் வந்த பிறகு நின்றுவிட்டது. என் மருமவளுக்கு என் சமையல் ஒத்துக்கல, டப்பா கட்டிகினு மேல போயிடுது என்று அத்தை தெருவில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அளந்து சாப்பிடுவதாக நான் நினைத்தேன், தனி உலை வைத்துவிட்டதாக அவர் நினைத்துவிட்டார். போய்ச் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. ஆறுதரம் சாப்பிடுகிறவள் ஏழாவதாக ஒரு தட்டுக்கு ஏங்குகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

போன மாதம் விசா நீட்டிக்கும் வேலையாகப் பட்டணத்துக்குள் போனேன். பதினோரு மணிக்குள் வந்துவிடலாம் என்று டப்பாக்களை ஃபிரிட்ஜிலேயே விட்டுப் போனது தப்பாகிவிட்டது. டோக்கன் எண்ணைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்து, ஆவடியில் ரயில் இறங்கி வீடு சேரும்போது இரண்டே முக்கால். அத்தை மாங்காட்டில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார். வீட்டில் யாரும் இல்லை. மேடையில் அவர் முன்கூட்டியே மூடி வைத்துப் போன அந்தத் தட்டு. மேல்தட்டைத் தூக்கினேன். கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, ஓரத்தில் உடைந்த அப்பளம். ஒருவேளை எனக்காகவும் இருக்கலாம் என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். இல்லை என்று தெரியும். தெரிந்தே உட்கார்ந்து கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன்.

செல்வி வந்தாள். கை கழுவினாள். மேடையைப் பார்த்தாள், தொட்டியில் கீரை ஒட்டிக் கிடந்த தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீ துன்ட்டியாக்கா? பரவால்ல."

ஃபிரிட்ஜைத் திறந்து என் நாலாவது டப்பாவை எடுத்து, நின்றபடியே ஒரு வாய் போட்டாள். முகம் கோணியது. "இன்னாக்கா இது, உப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. இத்தையா ஆறு தபா துன்ற?"

உன் கையைப் பார்த்துத்தான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது துன்னு வந்த கையா? நாள் பூரா இரும்பு தூக்கிகினு கீறேன்க்கா. ரெண்டு தபா துன்றது இன்னா ஆசையா? மெஷின நிறுத்திட்டு துன்ன எவன் உடுவான்? லீவு நாள்ல நீ மணியடிச்சி மாடில குந்திகினு டப்பா தொறக்க சொல்லோ, எனுக்கு வயிறு எரியும்."

ஒரே வீட்டில், கீழே ஒரு எரிச்சல், மேலே ஒரு எரிச்சல். மறுநாள் ஜிம்மில் கேட்டேன். எத்தனை தரம் என்பது பெரிசில்லை மேடம், நாள் முழுக்கச் சேர்த்து எவ்வளவு சாப்பிடுகிறோம், எவ்வளவு தூக்குகிறோம், அதுதான் முக்கியம் என்று அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னாள். பசியில் அள்ளிச் சாப்பிடக் கூடாதென்றுதான் உங்களுக்கு ஆறாகப் பிரித்துக் கொடுத்தேன் என்றாள். நான் அதை விரதம் போலப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நான் தட்டைக் காலி செய்த அன்று சாயங்காலமே அத்தை வந்து, சாப்பிட்டியா என்று செல்வியைத்தான் கேட்டார். "துன்னேன் அத்த, கீர சூப்பர்" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே வாய்த்ததே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

இப்போது மூன்று அலாரம்தான். இரண்டு மணிக்கு அடித்ததை மூன்றுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். அத்தை இன்னமும் ஒரு தட்டைத்தான் மூடுகிறார். செல்வி அதைத் திறந்து, கொஞ்சம் குழம்பை என் டப்பா மூடியில் ஊற்றிவிட்டு, என் கோழியில் பாதியை எடுத்துக்கொள்வாள். போனில் இரண்டு கடிகாரம் ஓடுகிறது. இங்கே மூன்று என்றால் கிள்ளானில் ஐந்தரை. அம்மா குவே தட்டை மேசையில் வைத்திருப்பார். என் நாற்காலியில் இப்போது அண்ணி உட்காருகிறார், நல்ல மனுஷிதான். என் பங்கையும் சேர்த்து அவர் எடுத்துக்கொள்வதை நினைத்துக்கொண்டே, செல்வியின் குழம்பை விரலால் வழித்து நக்குகிறேன்.